இத்தாலி அம்மாவும் என் இங்கிலீஷும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்த வருடம் நடந்தது இது. வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்களிடம் பேசி, சாம்பிள் காட்டி, ஆர்டர் பிடிக்கிற வேலை. பொங்கலூர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு இங்கிலீஷ் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒருமுறை மெயிலில், உங்கள் ஆர்டரில் எனக்கு ஆர்வம் என்று சொல்ல நினைத்து, 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங்' என்று எழுதிவிட்டேன். நான் ரொம்ப சுவாரஸ்யமானவள் என்று அர்த்தமாம்! மேனேஜர் அதை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலியிலிருந்து ஓர் அம்மா வருவதாக இருந்தது. குழந்தைகள் உடுப்புக்குப் பெரிய ஆர்டர். அது கைநழுவினால் புதிதாகச் சேர்ந்த என்னைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். மேனேஜரோ, "ஏனுங்க, நாளைக்கு நீங்க வாயே தொறக்க வேண்டாமுங்க. சாம்பிள எடுத்துக் குடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, பேசுவதற்கென்றே சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்.

மறுநாள் அந்தச் சென்னைக்காரர் பேசின இங்கிலீஷ் இருக்கிறதே, அப்பப்பா! மூச்சு விடாமல் கொட்டினார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் சந்தேகம். காலேஜில் பாடம் புரியாதபோது நானும் இப்படித்தானே ஆட்டுவேன்! கடைசியில் அந்த அம்மா சாம்பிளைத் தள்ளிவைத்து, "திஸ் நோ குட். பேபி க்ரை" என்றார். சென்னைக்காரர் மறுபடியும் தரம், சான்றிதழ் என்று ஆரம்பித்தார். அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பகீரென்றது. உடுப்பின் உள்பக்கம் கழுத்துத் தையலை அவர் விரலால் தடவிக்கொண்டே இருந்ததை நான் கவனித்திருந்தேன். தையல் உறுத்துகிறது, அவ்வளவுதான் விஷயம். தையலை மெல்லிய நாடா வைத்து மூடிய வேறொரு சாம்பிளை ஓடிப்போய் எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன்.

"மேடம், திஸ் மோர் சாஃப்ட்டர். பேபி நோ க்ரை!"

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாவோ அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, "யெஸ், யெஸ்! மோர் சாஃப்ட்டர்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அட, இவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷ் மாதிரிதான்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அந்தப் புள்ளயே பேசட்டும், உடுங்க" என்றார் அதுவரை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளி. பாதி வார்த்தை, பாதி கைஜாடை என்று சாயங்காலம் வரை நாங்கள் இருவரும் பேசினோம். ஆர்டர் கிடைத்தது.

பிறகு முறையாகப் படித்து எவ்வளவோ திருத்திக்கொண்டேன். ஆனாலும் நினைத்துப் பார்க்கிறேன்: அன்று மேனேஜர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், என் இங்கிலீஷில் ஒரு தப்பும் வந்திருக்காது, என் வேலைதான் போயிருக்கும்.