மாவுப்பூச்சிக்கு அண்ணன் அடித்த மருந்து

என் அண்ணன் கீழ்பென்னாத்தூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். அப்பா இறந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பி.காம். படிப்பில் சேர்த்துவிட்டு வந்து, "உன் நல்லதுக்குத்தான்டா" என்றார். இன்று திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறேன். நானும் மனைவியும் குடியிருக்கும் வாடகை வீட்டைப் பார்த்துப் பேசி முடித்தவரும் அவர்தான். அதனாலேயே அதன் சாவி ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

அந்த வீட்டில் நானாக விரும்பிக் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று. நண்பர் ஒருவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது தான் வளர்த்த வெளிநாட்டுப் பச்சோந்தியைக் கூண்டோடு எனக்குக் கொடுத்தார். நம்மூர்ப் பச்சோந்தியை வீட்டில் வைப்பது குற்றம். இது அரபு நாட்டு இனம், முறைப்படி பதிவு செய்தது. கூண்டு என் நெஞ்சளவு உயரம், நாலு பக்கமும் வலை. உள்ளே தொட்டிகளில் செம்பருத்தி, மணி பிளான்ட், சில குட்டைச் செடிகள். பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. காலையும் மாலையும் இலைகள்மேல் தண்ணீர் தெளித்தால், நுனியில் திரளும் துளிகளை மட்டும் நக்கிக் குடிக்கும். அதற்கு இலைதான் குவளை.

முதலில் என் மனைவிக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு அவளே காலையில் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள். ஒரு கண்ணால் அவளையும் இன்னொரு கண்ணால் என்னையும் அது பார்க்கும்போது, "நம்ம ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல முறைக்குது பாருங்க" என்று சிரிப்பாள்.

மாவுப்பூச்சி செம்பருத்தியில் வந்தது. இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு வெள்ளை. சுண்ணாம்புத் தூள் என்று நினைத்து விட்டுவிட்டோம். சில நாளில் தண்டெல்லாம் வெள்ளை. இலையைத் தொட்டால் விரல் பிசுபிசுத்தது. அந்தப் பிசினைத் தேடி எறும்புகள் வரிசை கட்டின. தொட்டி மண்ணிலிருந்து பொடிக் கொசுபோல கறுப்பு ஈக்கள் வேறு. பச்சோந்தி தின்னத்தான் பிளாஸ்டிக் டப்பாவில் சுவர்க்கோழிப் பூச்சிகளை வளர்த்துக்கொண்டிருந்தோம். செடியில் வந்த இந்தப் பூச்சிகளை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருந்து அடிக்க முடியாது. இலையில் எது பட்டாலும் அதன் வயிற்றுக்குள் போகும். ஆகவே கையால்தான். காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொரு காம்பாகத் துடைத்தோம். தொட்டிகளைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், சோப்புத் தண்ணீரால் கழுவி, அதன்பின் வெறும் தண்ணீரில் அலசினோம். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆற்றுமணல் பரப்பினோம். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன், எறும்பு நின்றது. மோசமாகிப்போன செம்பருத்தியை வெட்டி எறிந்துவிட்டு வேறொன்று வைத்தோம். லாட்ஜில் கூட்டம் ஜாஸ்தியான நாட்களிலும் வந்து இந்த வேலையைச் செய்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் தேடினால்தான் ஒன்றிரண்டு கிடைக்கும் என்ற நிலை வந்தது. வாழ்க்கையில் நானே முடிவெடுத்து நானே செய்து முடித்த வேலை என்று அதை நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவார். சாலையை அடைப்பதற்கு முன் மதியமே வந்து, எங்கள் வீட்டில் படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்ததும் நடக்கத் தொடங்குவார். அப்படி ஒரு பௌர்ணமியன்று நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தோம்.

நான் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அந்த வாடை. உரக்கடைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, அதே வாடை. அண்ணன் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தார். "வாடா. உனக்கு ஒரு வேலைய முடிச்சிட்டேன்" என்றார்.

"இன்னா வேலை?"

"செடியில இன்னும் மாவுப்பூச்சி வச்சிருக்கியே. கடைக்காரன் தம்பி வீட்டுல இப்படி இருந்தா நாலு பேர் இன்னா சொல்வாங்க? வண்டியில மருந்து இருந்துச்சு. கம்மியாத்தான் கலந்தேன்."

"உள்ள பச்சோந்தி இருந்துச்சே!"

"அதுமேல அடிக்கலடா, செடிக்குத்தான் அடிச்சேன்."

கூண்டின் அடியில், தொட்டி மணல்மேல், அது கிடந்தது. உடம்பு கரிக்கட்டைபோலக் கறுத்திருந்தது. வாய் திறந்திருந்தது. எடுத்துப்போய்க் கழுவி, ஈரத் துணியில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். மாட்டையும் நாயையும் பார்த்துப் பழகிய டாக்டர். "எனக்கு இதைப் பத்தி அவ்வளவா தெரியாதுங்க" என்று நேராகச் சொல்லிவிட்டு, சென்னையில் இருந்த தன் நண்பரை போனில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல ஊசி போட்டார். நான் வீடு திரும்பியபோது அண்ணன் கிரிவலம் கிளம்பிவிட்டிருந்தார். மனைவி செடிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "கேட்டாரா? ஒரு போன் போட்டுக் கேட்டாரா?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அது பிழைத்துக்கொண்டது. நிறம் திரும்பியது, கிளையில் ஏறியது. ஆனால் நாக்கு போய்விட்டது. சுவர்க்கோழியைக் கண்டதும் முன்போலவே இரண்டு கண்ணும் ஒரே புள்ளியில் குவியும், தலை முன்னே நீளும், வாய் திறக்கும். நாக்கு பாதி வெளியே வந்து தொங்கிவிடும். அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளவே சிரமப்படும். எதிரில் பூச்சி நிதானமாக நடந்து போகும். மறுபடி குறி பார்க்கும், மறுபடி தொங்கும். பார்க்க முடியாமல் நான் இடுக்கியால் பூச்சியைப் பிடித்து அதன் வாய்க்குள் வைப்பேன். அதுவரை என் கையைக் கண்டால் வாயைப் பிளந்து சீறிய பிராணி, இப்போது என் கைக்காகக் காத்திருந்தது. அதைவிட அது என்னைக் கடித்திருக்கலாம்.

அடுத்த பௌர்ணமிக்கு வந்த அண்ணன் நேராகக் கூண்டுக்குத்தான் போனார்.

"செத்துடும்னு குதிச்சியே, நல்லாத்தானே இருக்கு? செடியும் பளபளன்னு இருக்கு பாரு."

"இது புதுச் செடி. அதுக்கு நாக்கு வரல. நான்தான் ஊட்டுறேன்."

"ஊட்டுனா சாப்பிடுதில்ல? அப்புறம் இன்னா?"

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

அண்ணன் என்னை உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "உங்கிட்ட இன்னாடா கேக்கறது? நல்லதுதானே செஞ்சேன்."

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். அவரெதிரில் அவள் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "சாவியைக் குடுத்துட்டுப் போங்க மாமா" என்றாள். அண்ணன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று வாசலில் நின்றார். நான் இடுக்கியை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் திரும்பினேன். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஐப்பசி மழையில் பச்சோந்தி இறந்தது. கடைசியில் ஊட்டினாலும் விழுங்கவில்லை. மாடியிலிருந்த பெரிய தொட்டி ஒன்றில் புதைத்தோம். யார் மூலமோ கேள்விப்பட்டு அண்ணன் போன் செய்தார். "அதுக்கு அவ்ளோதான் ஆயுசு, மனசுல வச்சுக்காத" என்றார். அதற்கு ஆயுள் இன்னும் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். கடையில் யாருக்கோ அவர் மருந்துக் கணக்குச் சொல்லும் குரல் கேட்டது. வைத்துவிட்டேன்.

போன மாதம் கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எதிரே உட்கார்ந்த அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரு ஓணானுக்காகக் கூடப்பொறந்தவன்கிட்ட பேச மாட்டேன்னு இருக்கியாமே, அப்படியாடா?" என்றாள். இலையில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து சிரித்தார்கள். விளக்கத் தொடங்கினால் நாக்கிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே யார் கேட்கப்போகிறார்கள்? "ஆமாம் அத்தை" என்றேன்.

பரிமாறிக்கொண்டிருந்த அண்ணனுக்கும் அது கேட்டது. என்னை மன்னித்துவிட்ட முகத்தோடு வரிசையில் வந்தார். நான் கையை நீட்டி மறைப்பதற்குள் என் இலையில் இரண்டு கரண்டி கேசரியை வைத்து, "சாப்பிடுடா, இளைச்சுட்ட" என்றார்.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். மனைவியும் எழுந்தாள்.