வளைவுக்கு முன்னால் நின்றுபோன பிக்கப்

மலையிலிருந்து பலாப்பழ லோடோடு அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்குக் கிளம்பிய எங்கள் டீசல் பிக்கப், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன்பே நின்றுவிட்டது. இறக்கத்தில் ஓடும்போது என்ஜின் இப்படி நின்றால், மிதிக்கவே முடியாமல் பிரேக் கல்லாட்டம் ஆகிவிடும். ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அமுக்கி டீசலை ஏற்றினால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி திணறி நிற்கும். என்ஜினுக்கு டீசல் தள்ளும் பெரிய பம்பே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"டீசல் இருக்குதான்னு பாத்தீங்களா?" என்றாள் கூட வந்த மனைவி.

"நேத்துத்தான ஊத்துனேன்!" என்று எரிந்து விழுந்தாலும், போய் டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடிக்கு அடியில், டேங்க் வாயை இறுக்கி அடைத்தபடி ஒரு பிளாஸ்டிக் கவர்.

"இதை யாரு வெச்சது?"

"நாந்தாங்க. பனித்தண்ணி டேங்குக்குள்ள எறங்கிரும்னு ராவெல்லாம் பொலம்புனீங்களே. நீங்க தூங்குனாத்தான நான் தூங்க முடியும்?"

காற்று நுழைய வழியில்லாததால்தான் டேங்கிலிருந்து டீசல் வரவில்லை. கவரை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். அங்கேயே நின்று ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒருமுறைகூடத் திணறவில்லை.

"போலாமுங்களா, இல்ல பழமெல்லாம் இங்கயே பழுக்கட்டுமா?"

முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். மெத்தென்று பிடித்தது. அப்புறந்தான் எனக்கு மூச்சே வந்தது.