பூளைப்பூ இல்லாத காப்பு

என் மகள் கல்யாணம் செய்துகொண்டு பதினொரு மாதம் ஆகியும் நான் அவளோடு பேசவில்லை. பையன் கன்னடக்காரன் என்பதற்காக இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம்பாவிட்டால் போகட்டும். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போடப் போகிறாள் என்பது என் வீட்டுக்காரருக்கு மூன்று நாள் முன்பே தெரியும். அந்த மூன்று நாளும் மனுஷர் ஒன்றுமே அறியாதவராக என் எதிரில் உட்கார்ந்து களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டார். எல்லாம் முடிந்த பிறகு, பெற்றவளுக்குக் கடைசியாகச் சொன்னார்கள். அந்த ஆத்திரத்தில், "இனி இந்த வாசப்படிய மிதிச்சுப்போடாத" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் வாய்தான் முதலில் ஓடும்.

அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே. "அம்மாவே தன் வாயால வான்னு கூப்பிடட்டும், அப்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை. நாங்கள் இருப்பது மைசூரில் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி வீட்டில், அவள் இருப்பது ஹெப்பாள் பக்கம். நான் வேலை பார்க்கும் பாக்டரிக்குப் போகும் பஸ் அவள் தெரு முனையில்தான் நிற்கும். அந்த ஸ்டாப் வரும்போது நான் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். திரும்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தும்விடுவேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "தலைப்பொங்கலுக்கு ரெண்டு பேரும் வர்றாங்களாமா. நேர்ல ஏதோ சொல்லணுமாமா. கீழ கேட் வரைக்கும் வருவாளாம், நீ கூப்பிட்டாத்தான் மேல ஏறுவாளாம். இல்லீனா அப்படியே திரும்பிப் போயிருவாளாம்."

"போனாப் போறா" என்றேன். என்றேனே தவிர, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்வதாக இல்லை. மிதிக்காதே என்று சொன்ன வாசலை அலங்காரம் செய்து வைத்துவிட்டால், வா என்று சொன்ன மாதிரிதானே என்று கணக்குப் போட்டேன். அதைப் பார்த்து அவளாகவே புரிந்துகொண்டு ஏறி வந்துவிடுவாள், நான் வாயைத் திறக்காமலேயே காரியம் முடிந்துவிடும்.

இருபது வருஷமாக மைசூரில் இருந்தும் எங்கள் வீட்டில் பொங்கல் வைத்ததில்லை. ஹனூருக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால் இந்த வருஷம் எல்லாவற்றையும் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. கடையில் தொங்கும் பளபளவென்ற பிளாஸ்டிக் தோரணங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பாக்டரியில் எனக்கு பேக்கிங் செக்‌ஷன். கட்டுவதும் முடிச்சுப் போடுவதும் தூங்கும்போதுகூடச் செய்வேன்.

அரிசி மூட்டை வந்த கோணிச்சாக்கைப் பிரித்து, துவைத்துக் காயப்போட்டு, நீளநீளமாக வெட்டி, ஓரத்து நூலை விரல் நீளத்துக்கு உருவிவிட்டேன். அதை ஜன்னல்களுக்கு மேலே குறுக்காகக் கட்டியதும் நல்ல குஞ்சம் மாதிரி தொங்கியது. ரிங் ரோட்டுக்கு அப்பால் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்திக்கு நிலம் இருக்கிறது. அறுத்தது போக மிச்சமிருந்த ராகிக் கதிரை அவள் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பிடிபிடியாகப் பிரித்துச் சணல் கயிற்றால் இறுக்கி, தலைகீழாகக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். தோல் உரித்துப் பின்னுக்குத் தள்ளிய நாலு மக்காச்சோளக் கதிரைச் சேர்த்துக் கட்டி உள்கதவில் தொங்கவிட்டேன். தென்னை ஓலையைக் கிழித்து, மடித்து, மாடிப்படி கைப்பிடி முழுக்கச் சுற்றினேன். சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் செய்ததெல்லாம் உள்ளே வந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் நிற்கப்போவது கீழே, தெருவில் இருக்கும் இரும்புக் கேட்டில். அங்கேதான் காப்பு.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு முகப்பில் காப்புக் கட்டுவார்கள். வெள்ளையாகப் பூளைப்பூ, மஞ்சளாக ஆவாரம்பூ, அதோடு கொஞ்சம் வேப்பிலை, மூன்றையும் சேர்த்து ஒரு சின்னக் கொத்து. ஊருக்குப் போகும் வழியில் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் அந்தச் சமயத்தில் குவித்துப் போட்டு விற்பார்கள். மைசூர் மார்க்கெட்டில் செவ்வந்தி இருந்தது, மல்லிகை இருந்தது, பூளைப்பூ என்று கேட்டால் முகத்தைப் பார்த்தார்கள். ஆவாரம்பூவும் கிடைக்கவில்லை. வேப்பிலை மட்டும் பாக்டரி காம்பவுண்டில் வேண்டிய மட்டும் இருந்தது. போகட்டும், மூன்றில் ஒன்றாவது இருக்கிறதே என்று, இல்லாத இரண்டுக்கும் சேர்த்து வேப்பிலையையே அதிகமாக ஒடித்து வந்தேன். கைப்பிடி அளவுக் கொத்துக்குப் பதிலாகத் துடைப்பக்கட்டை பருமனில் மூன்று கொத்து. கேட்டின் இரண்டு தூணிலும் ஒவ்வொன்று, நடுவில் மேலே ஒன்று. வெறும் பச்சையாக இருக்கிறதே என்று ஒரு பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சளில் நனைத்து அதில் கட்டினேன். மிஞ்சிய மஞ்சள் தண்ணீரைப் படியில் தெளித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பால்காரர் மணி அடிக்கவில்லை. பாக்கெட்டைக் கேட்டுக்கு வெளியே கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார். பூக்காரம்மா கேட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். சங்கராந்தி என்றால் இங்கே பெண்கள் எள்ளும் வெல்லமும் கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். எதிர்வீட்டு டெய்லர் மனைவி தட்டோடு கிளம்பி, எங்கள் கேட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். அலங்காரத்தைக் கண்டு அசந்து போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நினைப்பைப் பாருங்கள்.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அன்றைக்கும் காலை டிரிப் இருந்தது. அவசரத்தில் போனைச் சார்ஜில் போட்டது போட்டபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பத்து மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். அவள் பின்னாலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பச்சைப் பட்டு, நான் எடுத்துக் கொடுத்தது இல்லை. கேட்டைப் பார்த்தாள். மேலே இருந்த கொத்தைப் பார்த்தாள், தூணில் இருந்ததைப் பார்த்தாள், கீழே படியைப் பார்த்தாள். பார்க்கட்டும், பார்க்கட்டும், இதோ ஏறப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டடி பின்னால் போனாள். மாப்பிள்ளையின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். இருவரும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள் என்று தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் கோபம்தான் வந்தது. மூன்று நாள் விரல் தேயக் கட்டி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தும் ஒருத்திக்கு மனசு இளகவில்லை என்றால் அவள் என்ன பெண்? சார்ஜில் இருந்த போன் அடித்தது. அவள் பெயர்தான். அவருக்கு வந்த போனை நான் எதற்கு எடுக்க வேண்டும்? நான்கு தடவை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குள் அடுப்பில் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கீழே கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கேட்டின் கொண்டியில் ஒரு பெரிய பை மாட்டியிருந்தது. எதிர்ப்பக்கம், பூட்டியிருந்த கடை ஷட்டருக்கு முன்னால், ஸ்கூட்டரும் அவர்களும். செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். பை நிறைய இளநீரும் மாதுளம்பழமும் இருந்தன.

"கிட்ட வராதம்மா! அங்கயே நில்லு!"

கையை நீட்டித் தடுத்தாள். பதினொரு மாதத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஏன்டி, அன்னிக்கு நான் சொன்னதுக்கு இன்னிக்குப் பழி தீர்க்கறயா? ஏறாமப் போனவ எதுக்குடி திரும்பி வந்தே? நடுத்தெருவுல வெச்சு என்னை நில்லுங்கறே?"

"நீ எதுக்கும்மா எந்திரிச்சு ஓடி வர்றே? மொதல்ல போய்ப் படு. யாருக்கு, உனக்கா அப்பாவுக்கா?"

"என்னது யாருக்கு?"

"அம்மை! எப்பப் போட்டுச்சு? எத்தனை தடவை போன் அடிக்கிறது? அப்பா எடுக்கலன்னதும் அவருக்குத்தான் ரொம்ப முடியலயோன்னு உயிரே போயிடுச்சு."

நான் திரும்பி என் கேட்டைப் பார்த்தேன். கத்தை கத்தையாக வேப்பிலை. மஞ்சள் துணி. படியெல்லாம் மஞ்சள் தண்ணீர். அம்மை போட்ட வீட்டுக்கு இதற்கு மேல் யாரும் அடையாளம் வைக்க முடியாது. அதைப் பார்த்துத்தான் பால்காரர் மணி அடிக்காமல் போயிருக்கிறார், டெய்லர் மனைவி தட்டைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அடக் கெரகமே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "காப்புடி அது! பொங்கக் காப்பு! ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல, ரெண்டு பேரும் நல்லாக் குத்துக்கல்லாட்டத்தான் இருக்கறோம்."

"காப்புன்னா வெள்ளப் பூ இருக்குமில்ல? பெரியப்பா வீட்ல கட்டுவாங்களே. இதுல எங்க?"

"கிடைக்கலடி. ஊரெல்லாம் தேடிப்போட்டேன். கிடைக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டு மாடியில் டெய்லர் மனைவி எட்டிப் பார்த்தாள், அவளுக்கும் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். என் மகள் சிரிக்கவில்லை. நான் தெருவைத் தாண்ட ஒரு அடி வைத்தேன், அவள் மறுபடியும் பின்னுக்குப் போனாள்.

"நிஜமாத்தானே? அக்கம்பக்கத்துல யாருக்கும் இல்ல தானே?" அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. "எனக்கு நாலு மாசம்மா. அதான் பயம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் துக்கம்தான் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, கேட் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மசக்கையில் என்ன சாப்பிட்டாள், எத்தனை நாள் வாந்தி எடுத்தாள், யார் தலையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவள் தெரு முனையில் பஸ் நிற்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். எங்களில் யாருக்கோ அம்மை என்று நினைத்துக்கொண்டு, வயிற்றுப் பிள்ளையோடு பண்டிகை நாளில் கடை கடையாக அலைந்து இளநீர் வாங்கி வந்திருக்கிறாள்.

மாப்பிள்ளைதான் முதலில் அசைந்தார். பையைக் காட்டி, இதை மேலே கொண்டுவந்து வைக்கட்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். அவர் என்னிடம் பேசியதே அன்றைக்குத்தான். உள்ளே வாருங்கள் என்று நானும் கன்னடத்தில் சொன்னேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது அந்த வார்த்தை. அவர் தெருவைத் தாண்டிப் பையை எடுத்துக்கொண்டு படியேறினார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்னடி நிக்கறே?"

"அவரைத்தானே கூப்பிட்டே."

உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் ரெண்டும் நிறைந்திருந்தது. விடமாட்டாள், என் பிள்ளைதானே.

"வா கண்ணு" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்கலம்மா."

இந்தத் தடவை தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன்.