அம்மா கொடுத்த மோடா

பிரம்பு பிய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்துபோன அந்த மோடாவை, முதுகில்லாத அந்தப் பிரம்பு இருக்கையை, தூக்கிப் போடச் சொல்லாதவர்கள் எங்கள் மயூர் விஹார் வீட்டில் யாரும் இல்லை. நான் போடுவதாக இல்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் தலைநகரிலேயே லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் இருந்தோம். குளிர்காலத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்களெல்லாம் ஆளுக்கொரு மோடாவோடு புல்வெளிக்கு வந்துவிடுவார்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பட்டாணி உரிப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். அம்மாவுக்கு ஊர்க்கதையில் ருசி கிடையாது. யார் என்ன வேலை செய்கிறார்கள், அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் வேண்டும். மின்கம்பம் ஏறுகிறவரையும் விடமாட்டாள், எல்லையிலிருந்து லீவில் வந்த சிப்பாயையும் விடமாட்டாள். "கேக்கலாமா? பிரியமில்லன்னா விட்டுருங்க" என்றுதான் தொடங்குவாள். பதில் முடியும்வரை குறுக்கே பேசமாட்டாள்.

மாடிக்கு ஒரு டாக்டரம்மா குடிவந்தார். மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்பவர் என்று தெரிந்ததும், அவர் படியேறினாலே கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு விடுமுறை நாளில் அவரும் வெயிலுக்கு வந்தார். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அம்மா எழுந்து தன் மோடாவைக் கொடுத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். அனுமதி கேட்டுக்கொண்டு, "உங்க மேசைக்கு வர்றவங்கள என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்றாள்.

டாக்டரம்மா மோடாவை அம்மா பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பயமாயில்லையா, நாற்றமில்லையா என்றுதான் இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்களாம். பேர் தெரிந்தால் பேர் சொல்லி, தெரியாவிட்டால் அம்மா, ஐயா என்று கூப்பிடுவாராம். கூப்பிட்ட பிறகுதான் கத்தியை எடுப்பாராம்.

கீழ்வீட்டு மாமி பட்டாணித் தட்டோடு எழுந்தார். "சாப்பிடற பொருள் பக்கத்துல இருக்கு. இந்தப் பேச்சு வேணுமா?" மற்றவர்களும் மோடாக்களைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்குப் போனார்கள். டாக்டரம்மாவும் எழப் பார்த்தார்.

"உக்காருங்க. குவார்ட்டர்ஸ்தான் சர்க்காரோடது, வெயில் எல்லாருக்கும்தான்" என்றாள் அம்மா.

அந்தக் குளிர்காலம் முழுக்க இந்தக் கோடியில் அவர்கள் இரண்டே பேர். அனுசரித்துப் போகலாமே என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொல்லிப்பார்த்தார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எனக்கு அவள்மேல் அப்படியொரு பெருமை.

சில ஆண்டுகள் கழித்து அம்மா பஸ் மோதி இறந்துபோனாள். விபத்தென்றால் பிரேதப் பரிசோதனை செய்தாக வேண்டும். வேறொருவர் செய்யட்டும் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியும் டாக்டரம்மா விட்டுக்கொடுக்கவில்லையாம். மறுநாள் துக்கம் கேட்க வந்தார். அறுத்த கையோடு வீட்டுக்குள் வருகிறாளே என்று பெரியம்மா என் காதுபடவே சொன்னாள். நான் அம்மாவின் மோடாவைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் போட்டு, அவரை உட்காரவைத்து, தரையில் உட்கார்ந்தேன்.

"கேக்கலாமா?" என்றேன்.

"கேளும்மா."

"என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"பேர் சொல்லித்தான். அப்புறம் அவங்க மாதிரியே, 'தொடலாமா'ன்னு கேட்டுக்கிட்டேன்."

பிரம்பு பிய்ந்தால் பிய்ந்துவிட்டுப் போகட்டும். அந்த மோடா என் கூடத்தில்தான் இருக்கும். அதில் யார் உட்காரலாம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.