திரையில் வந்த மின்னல்

கரண்ட் இருக்கிறது, ஆனால் போதவில்லை என்றால் எப்படி? இருந்தால் எரிய வேண்டும், இல்லாவிட்டால் அணைய வேண்டும். மைக் அக்கா இன்றும் இப்படித்தான் கேட்கிறார்.

கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை எண் சொல்லி உள்ளே அனுப்புவது அக்காவின் வேலை. ஒரு காலத்தில் அவர் குரல் கொடுத்தால் வாசலில் ஸ்கூட்டர் நிறுத்துகிறவரும் ஓடி வருவார். பெயர் அப்படி வந்ததுதான். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு குரல் வெறும் காற்றாகிவிட்டது. அவரை அனுப்ப மனமில்லாத டாக்டர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி டிவியின் முதுகில் ஒட்ட வைத்தார். அக்கா பொத்தானை அமுக்கினால் திரையில் எண் வரும். ஸ்பீக்கர் அதைச் சத்தமாகச் சொல்லும். அந்தப் பெட்டி பேசும்வரைதான் அக்காவுக்கு வேலை.

அது திடீரென்று திக்க ஆரம்பித்தது. "நாற்பத்தி..." என்று இழுத்து நின்றுவிடும். நாற்பத்தி ஒன்றும் இரண்டும் மூன்றும் சேர்ந்து எழுந்து கதவருகே முட்டிக்கொள்வார்கள். சில சமயம் திரையே கறுத்து, முதலிலிருந்து தொடங்கும். மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் படம் வேறு வந்து வந்து போனது.

"என்னம்மா, மழை வரும்னு காட்டுதா? துணி காயப் போட்டிருக்கேன்," என்றார் கண்ணில் கட்டோடு இருந்த பெரியவர்.

"ஒத்தக் கண்ணுல அது மட்டும் நல்லா தெரியுதே!" என்று அக்கா கிசுகிசுத்தார். ஆனாலும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டார். வெயில் கொளுத்தியது.

கம்ப்யூட்டர்காரருக்குப் போன் செய்தார்.

"பவர் சப்ளை சரியா இருக்கா?"

"கரண்ட் போகவே இல்லைங்க. ஃபேன் ஜோரா சுத்துது."

"எதையாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணையும் தொடலைங்க."

அக்கா பொய் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் பெட்டியைத் துடைத்தார், தட்டினார், கெஞ்சியும் பார்த்தார். ஆள் இல்லாதபோது ஒழுங்காகப் பேசியது. கூட்டம் கூடி, ஸ்பீக்கர் சத்தத்தை ஏற்றினால் திக்கியது. ஆளைக் கண்டு வெட்கப்படுகிறதோ? அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"திங்கக்கிழமை வேற பொண்ணு வருதும்மா. உனக்கு ஏதாவது பாக்கறேன்," என்றார் டாக்டர். அவர் பாக்கறேன் என்றால் இல்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர்காரர் நேரில் வந்தார். அக்காவின் கணவரும் அங்கே இருந்தார்; அவர் வேன் ஓட்டுகிறவர். மின்னலைப் பார்த்ததும் வந்தவர் வயரைத் தடவிக்கொண்டே பிளக்வரை போனார்.

"நான் குடுத்த அடாப்டர் எங்கம்மா?"

"அடாப்டரா? சார்ஜர்தாங்க இருக்கு."

"சரி, இந்தச் சார்ஜர் யாரோடது?"

கணவர் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "என்னோடதுங்க. உங்க அடாப்டர்ல என் போன் சீக்கிரம் சார்ஜ் ஏறுச்சு, மாத்திக்கிட்டேன். ரெண்டும் ஒரே ஓட்டையிலதானே நுழையுது?"

அக்காவும்தான் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் அந்தப் பெட்டி. சுவரில் தொங்குவது வெறும் சார்ஜர்.

"நுழையும். ஆனா இது சின்ன போனுக்கு ஆன அளவு கரண்ட்தான் குடுக்கும். ஸ்பீக்கரும் இந்தப் பெட்டிகிட்டதான் வாங்குது. பத்தலைன்னா பெட்டி தன்னை மெதுவாக்கிக்கும். அப்பவும் முடியலைன்னா அணைஞ்சு எழுந்திரிக்கும். மின்னல் அதைத்தான் சொல்லுது."

"நான் மழைன்னு நெனச்சேன்," என்றார் அக்கா.

கணவர் வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். அடாப்டர் வந்தது. சத்தத்தை முழுதாக ஏற்றி, அக்கா கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

"நாற்பத்தி ஏழு, உள்ளே வரவும்."

திக்கவில்லை. சந்தோஷத்தில் அடுத்த எண்ணுக்கும் அமுக்கிவிட்டார். இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு ஒண்ணா கூப்பிடு தாயே! திங்கக்கிழமை வர்ற பொண்ணை மருந்து கவுன்டர்ல உக்கார வச்சுக்கறேன்."

அக்காவுக்கு இன்றும் பாதிதான் புரிந்திருக்கிறது. அந்த அடாப்டரை யார் தொட்டாலும் கையில் ஒன்று போடுகிறார், அவ்வளவுதான். "சார்ஜர்தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.