மாமாவின் பெட்டிக்கு நான் பூசிய கறுப்பு

என் மாமாவைப் பற்றி ஆம்பூரில் இரண்டு கருத்துகள் இருந்தன. தோல் பதனிடும் ஷாப்பில் மோட்டார் பழுது பார்ப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்பது ஒன்று. பழைய இரும்பைக் கண்டால் புத்தி பேதலித்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டாவதை ஊரெங்கும் பரப்பியது என் அம்மா. சொந்தத் தம்பி, எங்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிடுகிறவர் என்பதால் அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வேலூரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் புது மெஷின்கள் வாங்கியதும் பழையதையெல்லாம் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டது. மாமா அங்கே போய், ஆளுயர இரும்புச் சட்டத்தையும் அதில் அடுக்கடுக்காகத் திருகியிருந்த பெட்டிகளையும் தோல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சட்டத்துக்கு 'ராக்' என்று பெயராம். எங்கள் கூடத்தில் பாதி அதற்கே சரியாகிவிட்டது.

அதில் மாமாவின் உயிர் ஒரே ஒரு பெட்டி. பாடுகிறவர் திடீரென்று குரலை உயர்த்தினால் ஒலி சிதறாமல் அமுக்கிப் பிடிக்கும் வால்வுப் பெட்டி. காயலான் கடைக்காரர் அதைத் தராசில் வைத்துப் பார்த்தார். மாமா டார்ச் அடித்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தார்.

"இங்க பாரு, ஆணித்தலைல பெயின்ட்டு உடையவே இல்ல. இன்னா அர்த்தம்? செஞ்சவன் மூடுன பிறகு எவனும் உள்ள கை வெக்கல" என்பார் என்னிடம். திருகு குமிழ்களைச் சுற்றி, வேலூர்க் கூடத்துப் பழைய என்ஜினீயர் போட்ட பென்சில் கோடுகள் இருந்தன. எந்தக் குரலுக்கு எது வரை திருக வேண்டும் என்ற கணக்கு. அவற்றை மாமா வேதவசனம் போல வாசிப்பார், நான் வாயைப் பிளந்து கேட்பேன். ஒரு பொருளை அத்தனை அன்போடு பார்த்த இன்னொரு மனிதரை நான் இன்றுவரை கண்டதில்லை.

அந்தப் பெட்டிக்கு அடுத்த எண் பொறித்த ஜோடி ஒன்று உண்டு. பெங்களூரில் ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவரிடம் அது இருப்பதை மாமா இரண்டு வருஷம் கடிதம் எழுதிக் கண்டுபிடித்திருந்தார். பெரியவர் விற்க மாட்டாராம். உள்ளது உள்ளபடி வைத்துக் காப்பாற்றும் ஆளுக்குச் சும்மாவே தருவாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து மாமாவின் பெட்டியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கார்டு வந்தது. மாமாவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

"ஜோடி சேர்ந்துட்டா போதும்க்கா, வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"பொண்ணு பாக்க வர்ற மாதிரி இன்னாடா இவ்ளோ பேஜாரு" என்றாள் அம்மா.

என்னைக் கெடுத்தது அந்த வார்த்தைதான். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கீறலும் கிறுக்கலுமாக ஒரு முகத்தைக் காட்டுவார்களா? அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் ஃபினிஷிங் வேலை. முள் கீறிய ஆட்டுத்தோலுக்குச் சாயம் பூசிக் கண்ணாடியாக்கிவிடுவார். மிஞ்சிய கறுப்புச் சாயம் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் செருப்பு, ட்ரங்குப் பெட்டி, சைக்கிள் சீட்டு என்று கையில் கிடைத்ததற்கெல்லாம் பூசுவோம். கீறலோடு ஒரு பொருளை விருந்தாளி கண்ணில் காட்டுவது எங்கள் வீட்டில் பெரிய அவமானம்.

ஞாயிறு காலை மாமா ஸ்டேஷனுக்குப் போனார். அம்மாவும் அப்பாவும் சர்ச்சுக்குப் போனார்கள். எனக்கு வயது பத்து, அன்றைக்கென்று ஒரு காய்ச்சலும் வந்திருந்தது. வீடு காலியானதும் காய்ச்சல் போய்விட்டது. துணியைச் சுருட்டி, அப்பா பூசுவது போலவே ஒரே வாகில் இரண்டு பூச்சு பூசினேன். ஆணித்தலைகளையும் விடவில்லை. பென்சில் கோடுகள் மாமாவுக்கு மனப்பாடம், பிறகு வரைந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஃபேனைப் போட்டுக் காயவைத்துப் போர்வையால் மூடினேன்.

பெரியவர் வந்து உட்கார்ந்ததும் போர்வையை இழுத்தவளும் நான்தான்.

பெரியவர் குனிந்து ஓர் ஆணித்தலையைத் தடவினார்.

"யார் பண்ணது இது?"

நான் பெருமையோடு வாயைத் திறந்தேன். அதற்குள் மாமாவின் பார்வை மணிக்கட்டுவரை கறுத்திருந்த என் கைகள் மேல் விழுந்தது. சட்டென்று எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"நான்தான் சார். பாக்க லட்சணமா இருக்கட்டுமேன்னு."

"உங்க லெட்டரெல்லாம் படிச்சுட்டு வேற மாதிரி ஆளுன்னு நெனச்சிட்டேன்" என்றார் பெரியவர். காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

அன்று மத்தியானம் மாமா மண்ணெண்ணெய் தொட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். "நல்லா பூசியிருக்கடி. ஒரு எடம் விடல" என்றார். நான் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். எனக்கு அப்படி ஒரு கோபம். காலையெல்லாம் முதுகொடியப் பூசியது நான், வெளியூர்ப் பெரிய மனுஷர் முன்னால் நான்தான் செய்தேன் என்று பெயர் வாங்கிக்கொண்டது அவர். நாலு நாள் மாமாவோடு பேசவில்லை. ஆற்காட்டுக்கு வேலையாகப் போனவர் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கி வந்து நீட்டினார். குற்ற உணர்ச்சி குறுகுறுக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், போனால் போகிறதென்று மாமாவை மன்னித்தேன். அவர் என் தலையைத் தடவி, "தேங்க்ஸ்டி" என்றார்.