முட்டத்தில் நான் செய்த சாளை

முட்டம் துறைமுகத்துக் கற்களின் மேல் உட்கார்ந்து, காலை ஏழு மணியிலிருந்து ஒரு சாளை மீன் செய்துகொண்டிருக்கிறேன். தூண்டில் முள்ளில் வெள்ளை ஆட்டுமயிரை நூலால் சுற்றிக் கட்டியாயிற்று. முதுகுக்கு மயிலிறகின் பச்சை நார், வயிற்றுக்குக் கொஞ்சம் ஜிகினா. கடைசியாகப் பசை தடவி இரண்டு பிளாஸ்டிக் கண்களை ஒட்டுகிறேன். பெரிய மீன் ஏதாவது இதை நிஜச் சாளை என்று நம்பிக் கடிக்க வேண்டும். கோவையில் ஆறு மாதம் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை.

பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருக்கும் சேவியர் அண்ணன் எட்டிப் பார்க்கிறார்.

"நல்ல சேலாட்டு இருக்கே சாரே. சாளை மாதிரியேதான் இருக்கு."

இந்தப் பாராட்டு எனக்குப் போதும். எழுந்து நின்று, சாளையை நரம்பில் முடிந்து, வீடியோவில் பார்த்தபடியே தூண்டில் கம்பைத் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசுகிறேன். காற்று கடலிலிருந்து அடிப்பதை நான் யோசிக்கவில்லை. சாளை திரும்பி வந்து என் இடது காதில் ஏறுகிறது.

"அனங்காம நில்லும்!"

அண்ணன் ஓடிவந்து முள்ளின் முனையை மறுபக்கமாகத் தள்ளி, கட்டிங் பிளேயரால் நறுக்கி, மீதியை உருவுகிறார். நான் போடும் கூச்சலில் மீன் விற்க உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வருகிறார்கள்.

அவர் சாளையை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்க்கிறார். பிறகு அக்கறையாகவே கேட்கிறார்.

"இதுக்கு முன்ன இதுல மீன் ஏதாவது பட்டிருக்கா சாரே?"

"இல்லண்ணே. இதுதான் முதல்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்க்கிறார். மீன்காரப் பெண்கள் அந்த முயற்சியில் இறங்கவே இல்லை.